நூல்நிலையப் பயிற்சியும் கலாசாலைப் பாடமும்

கலாசாலையிற் பயிலும் மாணாக்கர் அடைய வேண்டிய பயன் இருவகைப்படும். அறிந்தோர் கூறுவதைக் கேட்டுணர்தல் ஒன்று; அறியாததைத் தாமே தேடியறியும் வன்மை மற்றொன்று. முன்னது ஆசிரியர் உள்ளளவும் கிடைக்கும். பின்னதோ ஆயுள் உள்ளளவும் உடன் வரும். ஆயினும் முன்னதற்கு வகுப்பும் பரீட்சையும் உண்டு. பின்னதற்கு, ஆண்டின் தொடக்கத்தில் புதிய மாணாக்கரை அழைத்துச்சென்று அலமாரிகளைக் காட்டும் அரைமணி நேரமே பெரும்பாலும் கிட்டுகின்றது. தேவை பிறவாமுன் சொல்லப்பட்ட வழி மனத்தில் தங்குவதில்லை. மறு வாரமே மறந்துபோகின்றது.

இக்குறையை நீக்குதற்கு, நூல்நிலையப் பயிற்சியைப் பாடத்தினுள்ளேயே வைத்துக் கற்பிக்கவேண்டுமென்னும் கொள்கை எழுந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டிட்ராயிட் நகரில், வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மான்டீத் கலாசாலையில், பட்ரீஷியா நாப் என்னும் அம்மையார் 1960-ம் ஆண்டுமுதல் இதனைச் சோதித்துப் பார்த்து, 1966-ல் அறிக்கை வெளியிட்டார். பாடத்தோடு ஒட்டாத நூல்நிலைய வேலையை மாணாக்கர் மதிப்பதில்லை என்பதும், ஆசிரியர் துணையின்றி நூல்நிலையத்தார் மட்டும் முயல்வது போதாதென்பதும் அச்சோதனையால் விளங்கின.

இக்கொள்கையை நெடுங்காலம் நடத்திக் காட்டிய பெருமை, இந்தியானா மாகாணத்து ரிச்மண்ட் நகரிலுள்ள எர்ல்ஹாம் கலாசாலைக்கு உரியது. குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையார் நிறுவிய அக்கலாசாலையில் 1962 முதல் 1994 வரை நூல்நிலையத் தலைவராயிருந்தவர் இவான் ஃபார்பர். அவர் போற்றிய முறை யாதெனில், ஆசிரியரும் நூல்நிலையத்தாரும் முன்னரே கலந்து ஒரு கட்டுரை வேலையை அமைத்தல்; மாணாக்கர் அவ்வேலையைத் தொடங்கும் தருணத்திலேயே நூல்நிலையத்தார் வகுப்பிற்கு வந்து வழிகாட்டுதல்; மேல் வகுப்பிற் செல்லச்செல்ல முன் கற்றதன்மேற் புதியதைச் சேர்த்தல் என்பன.

உயிர்நூல் வகுப்பு ஒன்றில் தடுப்பூசியைப்பற்றி எழுதவேண்டியிருக்கிறதெனக் கொள்வோம். மாணாக்கன் முதலிற் கலைக்களஞ்சியத்தில் பொருளின் எல்லையை அறிகின்றான். பின் நூற்பட்டியையும், அதன்பின் பத்திரிகைக் கட்டுரைகளின் அகராதியையும் நாடுகின்றான். 1998-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் 12 குழந்தைகளைப்பற்றி வெளிவந்த கட்டுரை அவன் கைக்கு எட்டுகின்றது. தட்டம்மை முதலியவற்றைத் தடுக்கும் ஊசிமருந்துக்கும் ஆட்டிசம் என்னும் கோளாறுக்கும் தொடர்பிருக்கலாமென்ற ஐயத்தை எழுப்பியது அது. பத்திரிகையோ புகழ்பெற்றது, எழுதியோர் வைத்தியர்கள். இங்கே நின்றுவிடின் அவன் பொய்யை மெய்யென எழுதுவான். அக்கட்டுரையைப் பின்வந்தோர் யாவர் எடுத்தாண்டனர், யாது கூறினர் என்று தொடர்ந்து தேடும் முறையை அறிந்தவனாயின், பெருந்தொகையான குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சிகளில் அத்தொடர்பு காணப்படவில்லை என்பதையும், 2010-ல் அப்பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதென்பதையும் காண்பான். இடைப்பட்ட காலத்தில் அதனை நம்பித் தடுப்பூசியை மறுத்த பெற்றோர் பலர். ஆதலின் இப்பயிற்சி மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று, உயிரையும் காப்பதாம்.

"பாடங்களை முடிப்பதற்கே காலமில்லையே, இதற்கு எங்ஙனம் இடங்கொடுப்பது?" என ஆசிரியர் வினவலாம். புதிய பாடம் ஒன்று சேர்க்கவேண்டுவதில்லை. இப்பொழுது எழுதுவிக்கும் கட்டுரைகளில் ஒன்றை வேறுவிதமாக அமைத்தலே போதும். முடிந்த கட்டுரையை மட்டும் திருத்தாது, தேடிய வழியையும், எதை ஏன் ஏற்றான், எதை ஏன் தள்ளினான் என்பதையும் எழுதச்செய்து மதிப்பிடலாம். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத் தலைவராய் அமர்ந்த ரங்கநாதன், அதற்குமுன் கணித ஆசிரியராயிருந்தவர். வாசிப்போரின் காலத்தைக் காப்பதும் நூல்நிலையத்தின் கடமையென அவர் 1931-ல் விதித்தனர். வழியறிந்து தேடுபவனுக்கன்றோ காலம் மிஞ்சும்?

இக்காலத்தில் இணையத்தில் ஒரு சொல்லை இட்டால் ஆயிரம் விடைகள் வந்து குவிகின்றன. வினாவுக்குத் தானே விடையெழுதும் இயந்திரங்களும் தோன்றிவிட்டன. விடைகள் மலிந்தமையால் நூல்நிலையத்தாரின் உதவி வேண்டாவென்பது பொருந்தாது. பஞ்சகாலத்தில் வேண்டுவது தேடும் திறம். வெள்ளத்தில் வேண்டுவது தெரிந்தெடுக்கும் திறம். மாணவ நண்பர்களே! அச்சிட்ட குறிப்புகள் பரீட்சை மண்டபத்தின் வாயில்வரையே துணை வரும். அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன் நூல்நிலையத்தாரிடம் சென்று, "இதனை எங்ஙனம் தேடுவது?" என்று கேட்பீராக.