ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொன்றில் ஏன் உடைகிறது?

லினக்ஸ் கர்னலின் மூலநிரலை விண்டோஸ் 10 கணினியில் அப்படியே இறக்கினால், கம்பைல் செய்யத் தொடங்கும் முன்பே சிக்கல் வந்துவிடும். வலையமைப்புப் போக்குவரத்தை வடிகட்டும் அதன் நெட்ஃபில்டர் பகுதியில் சில கோப்புகள் இரட்டையாக இருக்கின்றன. பெயர் ஒன்றே, ஒன்றில் ஆங்கிலப் பெரிய எழுத்து, மற்றதில் சிறிய எழுத்து. லினக்ஸுக்கு அவை இரு வேறு கோப்புகள். விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால், ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டுவிடும். கிராஃபிக்ஸ் டிரைவர் பகுதியில் 'ஆக்ஸ்' என்றொரு கோப்பும் உண்டு. டாஸ் காலத்திலேயே சீரியல் போர்ட்டுக்கு ஒதுக்கிய பெயர் அது. அந்தப் பெயரில் கோப்பு உருவாக்க விண்டோஸ் 10 இடம் தராது.

இதை எழுதியவர்கள் பிழை ஏதும் செய்துவிடவில்லை. தங்கள் கணினியில் நடப்பது எங்கும் நடக்கும் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருளில் பில்டு (மூலநிரலிலிருந்து ஓடும் நிரலைக் கட்டும் வேலை) உடையும் இடங்களில் பெரும்பாலானவை இப்படிச் சொல்லாமல் விட்ட அனுமானங்களே. அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் பில்டு சரிசெய்பவரின் உண்மையான வேலை.

இத்தகைய அனுமானங்கள் எளிதில் மறைந்துகொள்ளும் இடம் சி மொழியின் தரவு வகைகள். 'லாங்' எவ்வளவு இடம் பிடிக்கும்? 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். நினைவக முகவரியோ மூன்றிலும் 8 பைட். முகவரியை ஒரு லாங்கில் போட்டு வைத்தால் லினக்ஸில் பல ஆண்டுகள் குறையில்லாமல் ஓடும். விண்டோஸில் முகவரியின் பாதி வெட்டுப்பட்டு நிரல் விழும். 'கேர்' வகை இன்னும் நுட்பமானது. இன்டெல் கணினிகளில் அது பொதுவாக எதிர்ம எண்ணையும் ஏற்கும். ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில் ஏற்காது. கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சார்பு, முடிவுக்கு வந்ததும் -1 தரும். அதை ஒரு கேரில் வாங்கினால் ராஸ்பெரி பையில் அது 255 ஆகிவிடும். -1 வரக் காத்திருக்கும் சுழற்சி நிற்கவே நிற்காது. அந்த மாறியை 'இன்ட்' என்று மாற்றினால் போதும். ஒரு சொல்லில் முடிகிற திருத்தம். ஆனால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 'கொடி' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். யூனிகோடில் 'ஒ'கரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறை எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தே சேமித்தது; லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டு பெயர்களையும் ஒப்பிடும் சோதனை மட்டும் தோற்கும்.

இத்தனை வேறுபாடுகளையும் சமாளிக்க ஒரு நல்ல வழியைத் தந்தது ஆட்டோகான்ஃப் என்னும் கருவி. 1991-இல் டேவிட் மெக்கன்ஸி இதைத் தொடங்கினார். அதன் 'கான்ஃபிகர்' நிரல் சின்னஞ்சிறு சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, இந்தக் கணினியில் இந்தச் சார்பு இருக்கிறதா, இந்த ஹெடர் கோப்பு கிடைக்கிறதா என்று கண்டறியும். வேலைக்கு வருபவரிடம் ஊர் எது என்று கேட்காமல், இந்த வேலை தெரியுமா என்று கேட்பது போன்றது இது. 2000-இல் தொடங்கிய சிமேக்கும் இத்தகைய சோதனைகளைச் செய்கிறது. விஷுவல் ஸ்டூடியோவுக்கான கோப்புகளையும் அதுவே உருவாக்கித் தருவதால் விண்டோஸ்காரர்களுக்கு வசதி.

இந்தப் பாடத்தை மறந்து, நிரல் நெடுக 'விண்டோஸ் என்றால் இது, மேக் என்றால் அது' என்று நிபந்தனைகளைத் தூவுவது எனக்கு உடன்பாடில்லை. நாளை புதிய இயங்குதளம் வந்தால் ஒவ்வோர் இடத்தையும் மறுபடி தொட வேண்டும். தவிர்க்க முடியாத வேறுபாடுகளை ஒரே கோப்பில் ஒதுக்கி வைப்பதே நல்லது.

சரிசெய்யும்போது பிழைச் செய்திகளின் குவியலைக் கண்டு மலைக்க வேண்டாம். முதல் பிழையை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். கான்ஃபிகர் விட்டுச்செல்லும் பதிவுக் கோப்பையும் பாருங்கள்; எந்தச் சோதனை ஏன் தோற்றது என்று அதில் இருக்கும். வேறு வகைக் கணினிகளில் கட்டிப் பார்ப்பதும் பிழையைக் காட்டித் தரும். லினக்ஸ் வழங்கலான டெபியன் தன் தொகுப்புகளை இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், ஐபிஎம் மெயின்ஃபிரேம் வரை பல வகைக் கணினிகளுக்குத் தானியங்கியாகக் கட்டுகிறது. மெயின்ஃபிரேமில் பைட்டுகளின் வரிசையே தலைகீழ் என்பதால் வேறெங்கும் தெரியாத பிழைகள் அங்கே அகப்படும்.

உங்கள் கணினியில் ஒரு கட்டற்ற மென்பொருள் கட்டப்பட மறுத்தால், உங்கள் பிரதியை மட்டும் திருத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். இயங்குதளம், சிப், கம்பைலர் பதிப்பு, முதல் பிழை வரி ஆகிய நான்கையும் எழுதித் திருத்தத்தோடு மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். அதைப் பராமரிப்பவரிடம் உங்கள் கணினி இல்லை. அங்கே என்ன நடந்தது என்பதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.