சோதிக்காத கண்ணுக்குச் சான்றா?



ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளம் நோக்கிச் செல்லும் லாரிகளைத் திண்டுக்கல் வட்டாரத்தார் நன்கறிவர். அவற்றை ஓட்டுவோருள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கனரக லாரி ஓட்ட விரும்புபவர் 20 வயது நிரம்பியவராகவும், இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்தவராகவும் இருத்தல் வேண்டும். மருத்துவர் அளிக்கும் ‘1ஏ’ படிவச் சான்றும் கட்டாயம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிகிறாரா, 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டி எண் பகலொளியில் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, ஒலிப்பானின் ஓசை செவியில் விழுகிறதா என அப்படிவம் வினவுகிறது.

இத்தனை வினாக்களுக்கும், ஆளைச் சோதிக்காமலே விடை எழுதிக் கையெழுத்திட்டால் அது சான்றன்று, பொய்ச் சாட்சி. எதிரே வருபவரின் உயிர் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

உரிமம் பறிபோகுமோ என்னும் அச்சமே பலரைச் சோதனைக்குச் செல்லாமல் தடுக்கிறது. ஆனால், பார்வைக் குறை கண்ணாடியால் சரிசெய்யப்பட்டுள்ளதா என்றும் அதே படிவம் கேட்கிறது. ஆகவே, கண்ணாடி அணிவது இழுக்கன்று. பிழைப்பைக் காக்கும் வழி.

முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட இவ்வுரிமம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐந்தாண்டு செல்லும். ஐந்தாண்டுக்குள் பார்வை மங்கலாம். சர்க்கரை நோய் ஓசையின்றி நுழையலாம். தமது நோய் பிறருக்கு ஆபத்தாகும் என்று அறிந்தும் வண்டி ஓட்டுவது, சட்டத்தின் 186ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

தாய்மார்களே! புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல், ஆண்டுக்கொருமுறை உங்கள் வீட்டு ஓட்டுநரைக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் நலமாக வீடு திரும்ப வேண்டும். எதிரே வந்தவரும் திரும்ப வேண்டும்.