உங்க ஹெட்போன் வரி எந்த ஊருக்குப் போகுது?

அம்பகரத்தூர்ல உட்கார்ந்து, சென்னையில இருக்குற விற்பனையாளர்கிட்ட ஆன்லைன்ல ஹெட்போன் வாங்குறீங்க. வரியை யார் கணக்குப் போடணும்? விற்பவர்தான். 18% ஜிஎஸ்டி. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அது ஐஜிஎஸ்டி; அதில் மாநிலப் பங்கு, பொருள் வந்து சேரும் புதுச்சேரிக்கு. 2017 ஜூலை 1-க்கு முன்பிருந்த மத்திய விற்பனை வரியோ, அனுப்பும் மாநிலத்துக்கே போனது.

முகவரியில ‘தமிழ்நாடு’ன்னு தட்டிட்டா? வரி 9+9 என்று பிரியும். உங்க பில் தொகை மாறாது. ஆனா புதுச்சேரியின் பங்கு தமிழ்நாட்டுக்குப் போயிடும். பின்கோடின் முதல் மூணு இலக்கத்தை மட்டும் நம்பவும் முடியாது: மயிலாடுதுறை, காரைக்கால் ரெண்டுக்கும் 609தான்!

நாளைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதப்போறவங்க நாமதான். ஆறு இலக்கத்தையும் பார்த்து மாநிலத்தை முடிவு பண்ணுங்க.