வெந்நீர் முந்தி உறையுமா?: எம்பெம்பா விளைவும் ஐயத்திற்குரிய இயற்பியல் கூற்றுகளை ஆராயும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

சில சூழல்களில் குளிர்ந்த நீரைவிட வெந்நீர் விரைவாக உறைகிறது என்னும் கூற்று ‘எம்பெம்பா விளைவு’ எனப்படுகிறது. அரிஸ்டாட்டில் காலம் முதல் பேசப்பட்டுவரும் இக்கூற்று, 1969ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பின் உலகெங்கும் விவாதப் பொருளாயிற்று. இதனை அபத்தம் என ஒதுக்கியவர்களும் உண்டு. உண்மை எனக் கொண்டு காரணம் தேடியவர்களும் உண்டு. இவ்விரு தரப்பினரும் பெரும்பாலும் ஒரே படிநிலையைத் தவறவிட்டனர். கூற்றை அளவிடத்தக்க வினாவாக மாற்றுவதே அப்படிநிலை. இவ்விளைவின் வரலாற்றையும் அதற்குக் கூறப்படும் காரணங்களையும் அண்மைக்கால ஆய்வுகளையும் முன்வைத்து, ஐயத்திற்குரிய இயற்பியல் கூற்றுகளை எதிர்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எம்பெம்பா விளைவு, உறைதல், மீக்குளிர்வு, ஆவியாதல், சோதனை முறை, அறிவியல் கல்வி.

முன்னுரை

அன்றாட வாழ்வில் எழும் அறிவியல் வினாக்கள் எளியனவாகத் தோன்றும்; விடை காண முற்படும்போதுதான் அவற்றின் ஆழம் புலப்படும். வெந்நீரும் குளிர்நீரும் ஒரே உறைவிப்பானில் வைக்கப்பட்டால் எது முதலில் உறையும் என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. குளிர்நீரே முந்தும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதற்கு வலுவான காரணமும் உண்டு. 90 டிகிரி செல்சியசில் உள்ள நீர் உறைய வேண்டுமாயின், அது முதலில் 25 டிகிரிக்கு வந்தாக வேண்டும். அந்நிலையை எட்டச் செலவாகும் காலம் குளிர்நீருக்குத் தேவைப்படாத கூடுதல் காலமாகும். ஆகவே வெந்நீர் முந்த இயலாது என்பதே அவ்வாதம்.

இவ்வாதத்துள் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. 90 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கிய நீரும், தொடக்கத்திலேயே 25 டிகிரியில் இருந்த நீரும் எல்லா வகையிலும் ஒத்தவை என்பதே அவ்வெடுகோள். நிறை, கரைந்துள்ள வாயுக்கள், நீருக்குள் நிகழும் ஓட்டம், கலத்தின் அடிப்பகுதிக்கும் உறைவிப்பானுக்கும் இடையிலான தொடர்பு ஆகியவை இரண்டிலும் வேறுபடக்கூடும். வெப்பநிலை மட்டுமே நீரின் முழு நிலையையும் சுட்டுவதில்லை. எனவே வெந்நீர் முந்துவது ‘நிகழவே இயலாதது’ என்று கருத்தளவில் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், நிகழக்கூடும் என்பதாலேயே அது நிகழ்ந்தது என்றும் ஆகிவிடாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான் சோதனை தன் பணியைத் தொடங்குகிறது.

கூற்றின் வரலாறு

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், முன்பே சூடேற்றப்பட்ட நீர் விரைவாகக் குளிர்வதாகத் தமது வானிலை நிகழ்வுகள் பற்றிய நூலில் குறிப்பிட்டுள்ளார். பிரான்சிஸ் பேக்கன் 1620இலும், ரெனே டெக்கார்ட் 1637இலும் வெளியிட்ட நூல்களில் இதையொத்த குறிப்புகள் உள்ளன. வெப்பவியல் ஒரு துறையாக வளர்ந்த பின்னர் இக்கூற்று மெல்ல மறக்கப்பட்டது. பாடநூல்களின் குளிர்தல் விதியோடு அது பொருந்தாமையே அதற்குக் காரணம் எனலாம்.

1963இல், இன்றைய தான்சானியாவின் மகம்பா மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் பனிக்கூழ் தயாரித்து வந்தனர். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்து, பின்னர் உறைவிப்பானில் வைப்பது வழக்கம். உறைவிப்பானில் இடம் பிடிக்கும் போட்டியில் எரஸ்டோ எம்பெம்பா என்னும் மாணவர் ஆறாத சூடான பாலையே உள்ளே வைத்தார். மற்றொரு மாணவர் காய்ச்சாத பாலில் சர்க்கரையைக் கலந்து வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது, மற்றது உறையவில்லை. காரணம் கேட்டபோது, அவர் குழம்பிப்போயிருக்க வேண்டும் என்று ஆசிரியர் விடையளித்தார். பின்னர் பயின்ற பள்ளியிலும் அவர் இதே வினாவை எழுப்பினார். அங்கே அது ‘எம்பெம்பாவின் இயற்பியல்’ எனக் கேலிக்குள்ளானது.

தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் அப்பள்ளிக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, எம்பெம்பா தம் வினாவை அவரிடம் முன்வைத்தார். உடன்பயின்றோர் நகைத்தனர். ஆஸ்போர்ன் அக்கூற்றை நம்பிவிடவில்லை. ஆயினும் சோதித்துப் பார்ப்பதாக உறுதியளித்தார். கல்லூரிக்குத் திரும்பியதும் ஆய்வக உதவியாளர் ஒருவரிடம் அப்பணியை ஒப்படைத்தார். வெந்நீரே முதலில் உறைந்தது என்று தெரிவித்த அவ்வுதவியாளர், சரியான விடை கிடைக்கும் வரை சோதனையைத் தொடர்வதாகவும் கூறினார். எம்பெம்பாவும் ஆஸ்போர்னும் இணைந்து எழுதிய கட்டுரை 1969இல் ‘பிசிக்ஸ் எஜுகேஷன்’ இதழில் வெளியாயிற்று. ஜி.எஸ்.கெல் என்பவர் கனடாவிலிருந்து இதே பொருள் குறித்துத் தனித்து எழுதிய குறிப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

ஆய்வக உதவியாளரின் சொற்கள் நகைப்பிற்கு உரியன போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கத்தக்கவை. எதிர்பார்த்த விடை வரும் வரை சோதனையைத் தொடர்வதும், எதிர்பார்த்த விடை வந்தவுடன் சோதனையை நிறுத்துவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இப்பிழை கூற்றை மறுப்பவர்களிடம் மட்டும் காணப்படுவதன்று. அதனை நம்புபவர்களிடமும் அதே அளவில் உண்டு.

‘உறைதல்’ என்னும் சொல்லின் பொருள்

‘முதலில் உறைந்தது’ என்னும் தொடர் அன்றாடப் பேச்சில் தெளிவானது. ஆய்வகத்தில் அது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கலாம். நீரின் வெப்பநிலை 0 டிகிரியை எட்டுவது ஒன்று. முதல் பனிப்படிகம் தோன்றுவது மற்றொன்று. நீர் முழுவதும் திண்மமாவது மூன்றாவது. இம்மூன்றிற்கும் ஆகும் காலம் வேறு வேறானது. ஒன்றில் முந்தும் நீர் மற்றொன்றில் பிந்தக்கூடும்.

0 டிகிரியை எட்டிய நீர் உடனே உறைந்துவிடுவதில்லை. படிகம் வளர்வதற்கு ஒரு கரு தேவை. தூசித் துகளோ கலத்தின் சுவரிலுள்ள நுண்கீறலோ அக்கருவாக அமையலாம். தக்க கரு இல்லாதபோது நீர் 0 டிகிரிக்குக் கீழேயும் சில டிகிரிகள் வரை நீர்மமாகவே நிற்கும். இந்நிலை மீக்குளிர்வு எனப்படுகிறது. ஒரே குழாயிலிருந்து பிடித்த நீர் நிறைந்த இரு கலங்கள்கூட வெவ்வேறு அளவில் மீக்குளிர்வு அடையலாம். குளிர்நீர்க் கலம் அதிகமாக மீக்குளிர்ந்து, வெந்நீர்க் கலம் குறைவாக மீக்குளிர்ந்தால், வெந்நீரில் பனி முதலில் தோன்றும். கலங்களின் தற்செயலான வேறுபாடே அங்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆகவே ஒரே ஒரு முறை செய்த சோதனையைக் கொண்டு எந்த முடிவிற்கும் வர இயலாது.

காரணங்களும் அவற்றின் எல்லைகளும்

இவ்விளைவிற்குக் கூறப்படும் காரணங்களுள் ஆவியாதல் முதன்மையானது. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். 0 டிகிரி நீரைப் பனியாக்க மேலும் 334 கிலோஜூல் நீங்க வேண்டும். அவ்வாறாயின் 25 டிகிரி நீர் உறைய ஏறத்தாழ 439 கிலோஜூலும், 90 டிகிரி நீர் உறைய ஏறத்தாழ 712 கிலோஜூலும் வெளியேற வேண்டும். வெந்நீர் இழக்க வேண்டிய வெப்பம் ஒன்றரை மடங்கிற்கும் மேல் என்பது இதனால் விளங்கும்.

ஆவியாகும் நீர் தன்னோடு பெருமளவு வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. கொதிநிலையிலிருந்து 0 டிகிரி வரை ஆவியாதல் ஒன்றினாலேயே நீர் குளிர்வதாகக் கொண்டால், அதன் நிறையில் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்துவிடும். உறைய வேண்டிய நீரின் அளவும் அதற்கேற்பக் குறையும். ஆனால் மூடிய கலத்தில் இவ்விளக்கம் செல்லாது. மூடிய கலத்திலும் வெந்நீர் முந்துமாயின் வேறு காரணம் தேட வேண்டும்.

உறைவிப்பானின் தளத்தில் படிந்துள்ள வெண்பனி இரண்டாவது காரணமாகச் சுட்டப்படுகிறது. வெண்பனி வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடான கலம் அதனை உருக்கித் தளத்தோடு நெருங்கிய தொடர்பு பெறுவதால் விரைவாகக் குளிரலாம். ஆஸ்போர்ன் தம் சோதனையில் கலங்களை வெப்பம் கடத்தாத நுரைத் தகட்டின் மீது வைத்ததால் அங்கு இக்காரணத்திற்கு இடமில்லை. நீரின் பரப்பில் எண்ணெய்ப் படலம் இட்டபோது உறைதல் பல மணி நேரம் தாமதமானதையும் அவர் கண்டார். வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகவே வெளியேறியதை இது உணர்த்தியது. வெந்நீரில் வெப்பச்சலனம் மேற்பரப்பைத் தொடர்ந்து சூடாக வைத்திருப்பதும், சூடேற்றும்போது கரைந்த வாயுக்கள் வெளியேறுவதும் ஏனைய காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இக்காரணங்கள் ஒவ்வொன்றும் இயற்பியலுக்கு முரணற்றவை. ஆனால் ஒரு நிகழ்விற்குப் பொருத்தமான காரணம் கூற முடிவது, அந்நிகழ்வு நடந்தது என்பதற்குச் சான்றாகாது. 2012இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் இவ்விளைவிற்குச் சிறந்த விளக்கம் அளிப்பவருக்குப் பரிசு அறிவித்தபோது 22,000 விடைகள் வந்து குவிந்தன. விளைவு எச்சூழலில் தவறாமல் நிகழ்கிறது என்பது நிறுவப்படுவதற்கு முன்பே இத்துணை விளக்கங்கள் கிடைத்தன என்பது சிந்திக்கத்தக்கது.

மறு ஆய்வுகள்

2016இல் ஹென்றி பர்ரிட்ஜ், பால் லிண்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்தில் ஒரு திருப்பமாக அமைந்தது. மீக்குளிர்வின் குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, நீர் 0 டிகிரியை எட்டும் காலத்தையே அவர்கள் அளவையாகக் கொண்டனர். அவ்வகையில் வெந்நீர் முந்துகிறது என்பதற்குப் பொருள்தரும் சான்று கிடைக்கவில்லை. மேலும், குளிரும் நீரில் மேலும் கீழும் வெப்பநிலை வேறுபடுவதால், வெப்பநிலைமானியின் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவில் மாறினாலே பொய்யான விளைவு தோன்றக்கூடும் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இம்முடிவு எம்பெம்பாவைப் பொய்யர் ஆக்கவில்லை. அவர் கண்டது பனிக்கூழ் உறைந்ததை. பர்ரிட்ஜ், லிண்டன் ஆகியோர் அளந்தது நீர் 0 டிகிரியை எட்டியதை. ஆஸ்போர்ன் குறித்ததோ உறைதல் தொடங்கிய நேரத்தை. மூன்றும் வேறு வேறு வினாக்கள். எம்பெம்பாவின் கலத்தில் காய்ச்சிய பாலும் மற்றொன்றில் காய்ச்சாத பாலும் இருந்தன என்பதால், அங்கு வெப்பநிலை ஒன்றே வேறுபட்டது என்றும் கூற இயலாது.

இவ்வினா வேறொரு துறையிலும் பயன் விளைத்தது. 2020இல் அவினாஷ் குமார், ஜான் பெக்ஹோஃபர் ஆகியோர், நீருக்குள் மிதக்கும் நுண்ணிய கூழ்மத் துகளைக் கொண்டு, மிகுந்த வெப்பநிலையில் தொடங்கும் அமைப்பு குறைந்த வெப்பநிலையில் தொடங்குவதைவிட விரைவாகச் சமநிலையை எட்டக்கூடும் என்பதைக் கட்டுப்பாடான சோதனையில் நிறுவினர். சூடானது முந்துவது இயற்கை விதிக்கு முரணானதன்று என்பதற்கு இது சான்று. ஆனால் சமையலறை உறைவிப்பானில் உள்ள நீர் அவ்வாறு நடந்துகொள்கிறது என்பதற்கு இது சான்றாகாது. இவ்வேறுபாட்டைக் காக்கத் தவறும்போதே உண்மையான ஆய்வு முடிவு ஐயத்திற்குரிய கூற்றாகத் திரிந்து பரவுகிறது.

முடிவுரை

எம்பெம்பா விளைவின் வரலாறு, ஐயத்திற்குரிய கூற்று ஒன்றை எதிர்கொள்ளும்போது எழுப்ப வேண்டிய வினாக்களைத் தெளிவாக்குகிறது. எது அளக்கப்பட்டது? ஒப்பிடப்பட்ட இரண்டிலும் எவையெவை சமமாக வைக்கப்பட்டன? சோதனை எத்தனை முறை நிகழ்த்தப்பட்டது? எந்த முடிவு வந்தால் அக்கூற்று கைவிடப்படும்? இவ்வினாக்கள் கூற்றை முன்வைப்பவருக்கு மட்டும் உரியன அல்ல, மறுப்பவருக்கும் பொருந்தும்.

கல்வி நிலையில் இதன் இன்றியமையாமை மேலும் மிகுதியானது. எம்பெம்பாவின் ஆசிரியர் எடுத்துரைத்த குளிர்தல் விதி பிழையானதன்று. மாணவர் கண்டதைக் கேளாமலேயே அதனைப் பொருத்தியதுதான் பிழை. ஆஸ்போர்ன் கூற்றை நம்பாமலே வினாவை மதித்தார். இருவரும் ஐயம் கொண்டவர்களே. ஒருவரது ஐயம் உரையாடலை முடித்தது. மற்றவரது ஐயம் சோதனையைத் தொடங்கியது. அரை நூற்றாண்டிற்கும் மேலாக நீளும் ஓர் ஆய்வுத் தொடர் வகுப்பறையின் நகைப்பொலியோடு அடங்கிப் போகாமல் காத்தது அவ்விரண்டாவது ஐயமே.