கூலிக்கு மருந்தடிப்போர் அறியவேண்டியவை

சொந்தத் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்த காலத்தில் நாம் எப்போதாவது ஒருநாள்தான் மருந்தடித்தோம். இடம்பெயர்ந்து வந்தபின் நிலைமை வேறு. நிலமில்லாத நமக்குக் கிடைக்கும் கூலி வேலைகளில் மருந்தடிப்பதும் ஒன்று. இன்று ஒருவருடைய கத்தரி, நாளை இன்னொருவருடைய புகையிலை, மறுநாள் வேறொருவருடைய வெங்காயம். தோட்டக்காரருக்கு அது இடைக்கிடை வரும் வேலை. நமக்கோ அன்றாட வேலை. இந்த வேறுபாட்டில்தான் ஆபத்து இருக்கிறது.

நஞ்சு உடலில் என்ன செய்கிறது?

நாம் மருந்து என்று அழைப்பது உண்மையில் நஞ்சு. பூச்சிகொல்லிகளில் ஓகனோபொஸ்பேற் என்பது ஒரு பெரிய குடும்பம். இவற்றுள் மிகக் கொடிய பரத்தியன் இலங்கையில் 1984இலும், மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் என்பன 1995இலும் தடைசெய்யப்பட்டன. டைமெதோயேற், பென்தியன் ஆகியன 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஆனால் சில பெயர்கள் தடைப்பட்டதால் ஆபத்து முழுவதும் நீங்கிவிட்டதென எண்ணக்கூடாது.

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளையைக் கொண்டுசெல்லும் பொருளொன்று நம் உடலில் உண்டு. வேலை முடிந்ததும் அதனை அழிப்பது கோலினெஸ்தரேஸ் என்னும் நொதியம். இந்த நஞ்சு அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் தலையிடி, தலைச்சுற்று, மிகுந்த வியர்வை, வாயூறல், சத்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் என்பன தோன்றும். நோய் முற்றினால் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கும், தசைகள் துடிக்கும், மூச்சுத் திணறும். மரணமும் நேரலாம்.

செயலிழந்த நொதியத்தை உடல் மீண்டும் உண்டாக்க வாரக்கணக்கில் செல்லும். இரத்தத்தின் செங்குழியங்களில் அது முன்னைய அளவுக்கு வர மூன்று மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே திங்கட்கிழமை ஏறிய நஞ்சின் பாதிப்பு ஆறுமுன்னரே செவ்வாய்க்கிழமைப் பாதிப்பும் அதனுடன் சேர்கிறது. கடைக் கொப்பியில் ஏறும் கடனைப்போல அது கூடிக்கொண்டே போகும். பத்து நாட்கள் சுகமாக மருந்தடித்த ஒருவர் பதினோராம் நாள் அதே அளவு நஞ்சுக்கு விழுந்துவிடுவது இதனாற்றான். "வெயில் பட்டுவிட்டது" என்று வீட்டார் சொல்வார்கள். நஞ்சு என்று நினைக்கமாட்டார்கள்.

எந்த வழியால் உட்செல்கிறது?

வாயாலும் மூக்காலும் மாத்திரம் நஞ்சு உட்செல்லும் என்று பலர் நம்புகின்றனர். மருந்தடிப்பவருக்குப் பெரும்பாலும் அது தோலின் வழியாகவே ஏறுகிறது. அமெரிக்காவில் 1971இல் வெளியான ஆய்வொன்று பரத்தியனைத் தோலில் இட்டு அளந்து பார்த்தது. முன்கையில் இட்டதில் ஏறக்குறைய 9 வீதமும், வயிற்றில் 18 வீதமும், நெற்றியில் 36 வீதமும் உட்சென்றன. விதைப்பையில் இட்டதோ ஏறக்குறைய முழுவதும் உட்சென்றது. தாங்கி ஒழுகி முதுகும் சாரமும் நனைந்தபடி அரைநாள் வேலை செய்பவர் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். முகத்தில் கட்டும் துணியும் நனைந்துவிட்டால் நஞ்சை வாயோடும் மூக்கோடும் ஒட்டி வைத்திருக்குமேயன்றிக் காப்பாற்றாது.

நாம் செய்யக்கூடியவை

1. போத்தலில் உள்ள நஞ்சு தண்ணீர் கலந்ததைவிடப் பன்மடங்கு கொடியது. கலக்கும்போது கையுறை அணியுங்கள். தடியால் கலக்குங்கள், கையை விடவேண்டாம்.

2. வேலை தொடங்குமுன் தாங்கியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒழுக்கு உண்டா என்று பாருங்கள். அடைத்த நொசிலை வாயால் ஊதவேண்டாம்.

3. நீண்ட கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அணியுங்கள். காற்று குறைந்த காலை வேளையில் அடியுங்கள். காற்றுக்கு எதிராக நடக்கவேண்டாம்.

4. உடுப்பு நனைந்தால் உடனே கழற்றிச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மாற்றுடுப்பு ஒன்று தோட்டத்திலேயே இருக்கட்டும். கை கழுவாமல் வெற்றிலை, பீடி, தேநீர் எதுவும் வேண்டாம்.

5. நஞ்சு பட்ட உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கவேண்டாம். தோய்க்கும் பெண்ணுக்கும் தோலால் நஞ்சு ஏறும்.

6. தாங்கியைக் கிணற்றடியில் கழுவவேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது விரைவில் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

7. வெற்றுப் போத்தலில் எண்ணெயோ தண்ணீரோ வைக்கவேண்டாம். கொட்டிலில் இடம் சிறிதென்று படுக்கும் இடத்தில் நஞ்சை வைக்கவும் வேண்டாம்.

ஒருவருக்கு நஞ்சேறினால்

வேலையை உடனே நிறுத்தி, அவரைத் தோட்டத்திலிருந்து அப்பால் கொண்டுசெல்லுங்கள். உடுப்பைக் களைந்து, உடல் முழுவதும் சவர்க்காரமிட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணித்தியாலம் தண்ணீர் ஊற்றுங்கள். கழுவுபவரும் கையுறை அணியவேண்டும். மயக்கமானவரைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாயில் எதுவும் ஊற்றவேண்டாம். போத்தலை, இல்லாவிடில் அதன் லேபலையாவது எடுத்துக்கொண்டு தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அத்திரோப்பின் என்னும் மாற்றுமருந்தை அங்கு ஊசிமூலம் ஏற்றுவார்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் வைத்தியரின் வேலை எளிதாகும்.

கூலியை வேண்டாம் என்று சொல்ல நம்மால் முடியாது. ஆனால் ஒழுகாத தாங்கியும், ஒரு வாளி தண்ணீரும், ஒரு துண்டுச் சவர்க்காரமும் தரும்படி தோட்டக்காரரிடம் கேட்கமுடியும். தனியே கேட்கத் தயங்குபவர்கள் நாலுபேர் சேர்ந்து கேட்கலாம். ஒருவரே நாள்தோறும் அடிக்காமல் நமக்குள் முறைவைத்து மாறிமாறி அடிக்கலாம். தலையிடியோடு வேலை முடித்துத் திரும்பியவரை மறுநாள் அனுப்பாமல் மறிப்பது வீட்டிலுள்ளவர்களின் பொறுப்பு. நிலத்தை இழந்து வந்த நமக்கு உழைக்கும் உடல் ஒன்றே முதல். அதையும் நஞ்சுக்குக் கொடுக்கலாகாது.