துபாஷ்: உத்தியோகமும் குடும்பப் பெயரும்

மும்பை நகரில் காலா கோடா என்னும் பகுதியில் ‘கே. துபாஷ் மார்க்கம்’ என்றொரு வீதி உண்டு. சரித்திர புஸ்தகங்களில் ஓர் உத்தியோகத்தின் பெயராக நாம் படித்த சொல், அங்கே ஒரு பார்ஸி குடும்பத்தின் பெயராக விளங்குகிறது. ஒரே சொல்லுக்கு இரு வாழ்வு ஏற்பட்டது எங்ஙனம்?

ஹிந்துஸ்தானியில் ‘தோ’ என்றால் இரண்டு. இரண்டு பாஷைகள் அறிந்தவன் துபாஷ், தமிழில் துபாஷி. 1639-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் டே சென்னையில் கோட்டைக்கு இடம் பெற்றபோது, அவருக்குத் துபாஷியாக இருந்தவர் பேரி திம்மப்பா. புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக விளங்கியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய தினசரிக் குறிப்பு தமிழுக்கு ஒரு பொக்கிஷம். 1794-ல் காலமான பச்சையப்ப முதலியாரும் துபாஷியே. அவர் தர்மத்துக்கு வைத்த பொருளிலிருந்து 1842-ல் கல்விச்சாலை எழுந்தது.

துபாஷியின் வேலை பேச்சை மாற்றிச் சொல்வதோடு நிற்கவில்லை. சரக்குக்கு விலை பேசுவது, ஆள் அமர்த்துவது, துரைக்குக் கடன் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஒருவர் சொன்னது இன்னதென்று மற்றவர் அறிய வேறு வழி இல்லையாதலால், இருவரும் அவரையே நம்பினார்கள். அந்த நம்பிக்கை சிலருக்குப் புகழையும், சிலருக்குப் பழியையும் தந்தது. அவதானம் பாப்பையா என்னும் சென்னைத் துபாஷி சதிக் குற்றத்துக்காக 1792-ல் தண்டனை அடைந்தார்.

தமிழ்நாட்டில் பிள்ளை, முதலியார், செட்டியார் என்னும் பட்டங்களே பெயரோடு ஒட்டி நின்றன. உத்தியோகத்தின் பெயர் சந்ததிக்கு இறங்கவில்லை. பார்ஸிகளோ செய்த தொழிலையே குடும்பப் பெயராக்கிக் கொண்டவர்கள். கான்ட்ராக்டர், எஞ்சினீயர் என்பனபோல் துபாஷும் அவர்களிடம் நிலைத்துவிட்டது. இங்கே, கும்பினி உத்தியோகஸ்தர்கள் நம் பாஷைகளைக் கற்பதற்காக 1812-ல் சென்னையில் ஒரு கல்லூரி ஏற்பட்டது. நம்மவரும் ஆங்கிலம் கற்றனர். துபாஷியின் செல்வாக்கு குன்றி, சொல்லும் ஏடுகளுக்குள் ஒதுங்கியது.

சொல் ஒதுங்கினாலும் தொழில் ஒழியவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் ஸ்தாபனம் 1998-ல் மோட்டார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ஜப்பானிய, பிரெஞ்சுக் கம்பெனிகளின் கூட்டுத் தொழிற்சாலை 2010-லும், ஜெர்மானியரின் லாரித் தொழிற்சாலை 2012-லும் திறக்கப்பட்டன. கடல் கடந்து வந்த நிபுணருக்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கும் நடுவே இரு மொழி அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார். பெயர் மட்டும் மொழிபெயர்ப்பாளர்.

அவர் பொறுப்பு அன்றைய துபாஷியின் பொறுப்புக்குக் குறைந்ததன்று. யந்திரத்தில் கை வைக்குமுன் செய்ய வேண்டியதைப் பிசகாகச் சொன்னால் ஒருவன் விரல் போகலாம். தொழிலாளியின் குறையை மழுப்பிச் சொன்னால் அவன் நியாயம் போகலாம்.

கொரிய மொழியோ ஜப்பானிய மொழியோ பயிலும் மாணவர் இன்று சென்னையில் உண்டு. பெற்றோர் அவர்களுக்கு ஊக்கம் அளிக்க வேண்டும். கூடவே, தமிழைத் தெளிவாகப் பேசவும் எழுதவும் பழக்க வேண்டும். இரண்டு பாஷைகளில் ஒன்று குறைப்பட்டாலும் அவர் துபாஷி ஆகமாட்டார் அல்லவா?