ஓரெழுத்தில் மாறிய இரண்டு நோய்கள்

கனடாவிலிருந்து ஒரு மகள் இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்கா, அம்மாவுக்கு வயித்தில கட்டி எண்டுதானே சொன்னனீங்கள்? நான் தேடிப் பாத்தால் முகம் இழுக்கிற வருத்தம் எண்டு கிடக்கு. உண்மையைச் சொல்லுங்கோ, மறைக்காதேங்கோ" என்று அழுதாள். வைத்தியர் துண்டில் எழுதிக்கொடுத்த பெயரைத் தாய் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார். கடைசி எழுத்து மாறிவிட்டது.

'மெய்க்ஸ்' என்பது சூலகக் கட்டியோடு வருவது. 'மேஜ்' என்பது முகத்தில் வருவது. ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்துகளும் ஒன்றே. முன்னையது 'எஸ்' என்று முடியும், பின்னையது 'ஈ' என்று முடியும். இரண்டும் அவற்றை விவரித்த வைத்தியர்களின் பெயர்கள். நோய்களுக்கிடையே எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆயினும் இரண்டும் நடுவயது தாண்டிய பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகின்றன. அந்தப் பெண்கள் இரண்டையுமே வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். நான் வேலை செய்யும் பகுதியில் இரண்டையும் கண்டிருக்கிறேன்.

அந்தத் தாய் கணவனை இழந்து பல வருடங்களானவர், ஐம்பதைத் தாண்டியவர். மாதவிடாய் நின்றிருந்தது. வயிறு மெல்ல மெல்லப் பெருத்தது. முதலில் வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தார். பிறகு சேலையை உயர்த்திக் கட்டினார். பிறகு கோயிலுக்குப் போவதையே நிறுத்தினார். தனித்து வாழும் பெண்ணின் வயிறு பெருத்தால் எம்மவர் வாய் சும்மா இருக்குமா? பேரப்பிள்ளை கண்ட ஒரு பெண்ணைப்பற்றி அயலில் என்ன கதைத்தார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற நிலை வந்த பின்னரே எங்கள் அலுவலகப் படி ஏறினார்.

வைத்தியசாலையில் ஸ்கான் செய்தபோது சூலகத்தில் கட்டி, வயிற்றில் நீர், வலது நுரையீரலைச் சுற்றியும் நீர். குருதிப் பரிசோதனையில் 'சீஏ 125' என்ற அளவும் உயர்ந்திருந்தது. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் நினைத்தார்கள், மகரகம. ஒரு சகோதரர் "இனி ஏன் வெட்டிக் கொத்தி வதைக்கவேணும்" என்றும் சொல்லிவிட்டார்.

இங்கேதான் மெய்க்ஸின் பெயர் வருகிறது. 1937 இல் பொஸ்டன் நகரப் பெண்ணோயியல் வைத்தியர் ஜோ வின்சென்ற் மெய்க்ஸ், காஸ் என்பவருடன் சேர்ந்து ஏழு பெண்களின் நோய் வரலாற்றை வெளியிட்டார். சூலகத்தில் நார்த்திசுக் கட்டி, அது புற்றுநோயல்ல. கூடவே வயிற்றிலும் மார்பிலும் நீர். கட்டியை அகற்றியதும் நீர் தானாகவே வற்றிவிட்டது. (பிரான்சில் டெமோன்ஸ் என்பவர் 1887 இலேயே இதைக் கண்டுகொண்டதால் அந்நாட்டார் அவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.) கட்டியிலிருந்து கசியும் நீர் முதலில் வயிற்றறையில் சேர்கிறது. பின்னர் பிரிமென்றகட்டிலுள்ள நிணநீர்க் குழாய்கள் வழியாக மேலேறி மார்புக்குப் போகிறது என்றே பெரும்பாலும் விளக்குகிறார்கள். பெரும்பாலும் வலப்பக்கம். வயிற்றறையின் உட்சவ்வு உறுத்தப்படும்போது 'சீஏ 125' புற்றுநோய் இல்லாமலும் உயரும். ஆகவே அந்த ஒரு இலக்கத்தை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மெய்க்ஸ் அரிது. வயிற்றில் கட்டியும் நீரும் சேர்ந்து கண்டால் புற்றுநோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வெட்டியெடுத்த கட்டியை ஆய்வுகூடத்தில் பார்த்து, நீரும் திரும்பி வராமல் போன பின்னரே வைத்தியர்கள் மெய்க்ஸ் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் சத்திரசிகிச்சை தேவை, தாமதம் கூடாது. சுகவனிதையர் கிளினிக்கில் 'பாப்' பரிசோதனை செய்துவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை என்று சில தாய்மார் இருந்துவிடுகிறார்கள். அது கருப்பைக் கழுத்துக்கான பரிசோதனை. சூலகக் கட்டியை அது காட்டாது.

அந்தத் தாயின் கட்டியை எடுத்தார்கள். சில வாரங்களில் நெஞ்சு எக்ஸ்ரேயில் நீர் இருந்த இடமே தெரியவில்லை.

மற்றப் பெண் ஒரு தையற்காரி. அவருக்கு முதலில் கண் துடித்தது. பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது, வலக்கண் துடித்தால் கெட்டது என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். அவருக்கோ இரண்டு கண்ணும் துடித்தன. போகப் போக வெயிலில் இறங்கினாலே கண்கள் இறுக மூடிக்கொண்டன. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பின்னர் தாடையும் இழுத்தது, உதடு கோணியது. பேய்க்குப் பார்த்தார்கள், நூல் கட்டினார்கள். பஸ்ஸில் ஓர் ஆண், தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துச் சிரித்தானாம். அதன்பின் அவர் பஸ்ஸில் ஏறவில்லை. "நான் இழுக்கேல்லைப் பிள்ளை, அது தானா இழுக்குது" என்று என்னிடம் சொன்னார்.

பாரிஸ் நரம்பியல் வைத்தியர் ஹென்றி மேஜ் 1910 இல் விவரித்தது இதைத்தான். அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளின் செயற்பாடு பிசகுவதால் கண், வாய், தாடைத் தசைகள் தம்பாட்டில் இறுகுகின்றன. நித்திரையில் இழுப்பு நின்றுவிடும். கன்னத்தைத் தொட்டாலோ, பாடினாலோ, எதையாவது மென்றாலோ சிலருக்குச் சற்று அடங்கும். இதைக் காண்பவர்கள் "பார், வேணுமெண்டு செய்யுறா" என்று முடிவு கட்டுகிறார்கள். படித்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். நெடுங்காலம் இது மனநோய்க் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. 1976 இல் லண்டன் வைத்தியர் டேவிட் மார்ஸ்டன் இது உடல் சார்ந்த நோயே என்று வாதிட்டு எழுதினார். வாயை அகலத் திறந்த முகமொன்றைக் காட்டும் புரூகலின் ஓவியத்தை நினைத்து அதற்குப் புரூகல் நோய் என்றும் பெயரிட்டார்.

சிலருக்கு மருந்தாலும் இப்படி வரலாம். மனநோய்க்கான சில மாத்திரைகளை நீண்டகாலம் பாவிப்பவர்களுக்கும், வாந்திக்குக் கொடுக்கும் 'மெற்றோகுளோபிரமைட்' எடுத்த இளம் பெண்கள் சிலருக்கும் முக இழுப்பு வருவதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நோயை அடியோடு மாற்றும் மருந்து இல்லை. ஆனால் 'பொட்டுலினம்' ஊசி உண்டு. கெட்டுப்போன தகரத்து உணவில் ஆளைக் கொல்லக்கூடிய அதே நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் தசையில் ஏற்றுகிறார்கள். தசை தளர்கிறது, கண் திறக்கிறது. பலன் ஏறக்குறைய மூன்று மாதம், பிறகு மறுபடியும் போடவேண்டும். சிலருக்குச் சிலகாலம் இமை தொங்கும். கடுமையான நிலையில் மூளைக்குள் மின்வாய் பொருத்தும் சத்திரசிகிச்சையும் வேறு நாடுகளில் செய்யப்படுகிறது.

தையற்காரியை நரம்பியல் கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது வைத்தியர் முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே பெயரைச் சொன்னார். "அப்ப எனக்கு விசர் இல்லையோ ஐயா?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி.

இப்போது காலையில் இரண்டு மணித்தியாலம் மெஷினில் இருக்கிறார். ஊசியின் பலன் குறையும் கடைசி வாரத்தில் தேவாரம் பாடிக்கொண்டே தைக்கிறார். அடுத்த கிளினிக் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பஸ்ஸில்தான் போகப் போகிறாராம். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்.